பாடம் செய்த பறவைகள்

பள்ளிக்கூடத்தின் மூன்றாவது மாடிக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஆடும். மூச்சு வாங்க ஏறிப் போனால் அங்கே இருப்பது பூட்டிய இரண்டு அறைகள்தான். ஒன்றில் பழைய இயற்பியல் கருவிகள். மற்றதில் பறவைகள். செத்து நூறு வருஷத்துக்கு மேலாகி, வயிற்றில் நார் திணித்து, கண்ணுக்குக் கண்ணாடிக் குண்டு வைத்து, கட்டைமேல் நிறுத்திப் பாடம் செய்த பறவைகள்.

ஆண்டு விழா பெரிதாக வரப்போகிறது என்றதும் தலைமை ஆசிரியருக்கு அந்த மாடி ஞாபகம் வந்தது. உயிரியல் டீச்சரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே தலையில் ஏதோ விழப்போகிறது என்று டீச்சருக்குத் தெரியும்.

"மேல கிடக்கறதை எல்லாம் ஒரு சின்ன மியூசியமா திறந்துடலாம்னு பார்க்கறேன். பழைய மாணவங்க நிறைய பேர் வருவாங்க. கருவியெல்லாம் ஃபியூஸ் சார் பார்த்துக்குவார். பறவை, முட்டை, எலும்பு, அந்தக் காகிதக்கூழ் மாடல், கல்லு, இதெல்லாம் உங்க டிபார்ட்மெண்ட்."

"கல்லு எப்படி சார் என் டிபார்ட்மெண்ட்?"

"வேற யார்கிட்ட குடுக்கறது? நீங்க இல்லாம இது நடக்காது டீச்சர்."

அவர் டீச்சரைவிடப் பத்து வயது சின்னவர். பேச்சில் தேன் தடவத் தெரிந்தவர். 'நீங்க இல்லாம இது நடக்காது' என்று சொல்லித்தான் விளையாட்டு விழாவின் முதலுதவி மேசை, தேர்வு அறை ஒதுக்கீடு, சத்துணவுக் கூடத்தின் சுத்தம் என்று ஒவ்வொன்றாக டீச்சர் பக்கம் தள்ளியிருந்தார். தான் இல்லாமலே உலகம் நடக்கும் என்று டீச்சருக்கு அடிக்கடி தோன்றும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு தெம்பு வேண்டுமே. சரி என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் சரியாக இயங்குவதில்லை. வாய்க்கும் மூளைக்கும் ஒரு குறையும் இல்லை. காலையில் அவரை எழுப்பி, கழிவறைக்குக் கூட்டிப் போய், குளிப்பாட்டி, சட்டை மாட்டி, சாப்பாடு கொடுத்து, ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் டீச்சர் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். கணவருக்குப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் வேலை. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். வீட்டில் இருக்கும் நேரத்தில் ஒன்று தூங்குவார், இல்லையென்றால் தூங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரே மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். சாயங்காலம் ஆனால் தங்கையின் போன் வரும். அவளுடைய மாமியார், அவளுடைய முதலாளி, அவளுடைய வாடகை வீட்டுக் குழாய் என்று ஒரு சுற்றுப் புலம்பிவிட்டு, "சரிக்கா, உன்கிட்ட பேசினா மனசு லேசாயிடுது" என்று வைத்துவிடுவாள். அவள் மனசிலிருந்து இறங்கிய பாரம் எங்கே போகிறது என்று அவள் யோசித்ததில்லை.

ஆக, பறவை அறையின் வேலை பள்ளி விட்ட பிறகுதான். மற்ற ஆசிரியர்கள் பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கும்போது டீச்சர் எதிர்த்திசையில் படியேறுவார்.

முதல் தடவை கதவைத் திறந்தபோது கற்பூரமும் பழந்துணியும் கலந்த ஒரு வாடை அடித்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். நாரை, கூழைக்கடா, ஆந்தை, கழுகு, மீன்கொத்தி, பெயர் தெரியாத கடல் பறவைகள். சிலவற்றின் மார்பைப் பூச்சி அரித்து உள்ளே இருந்த நார் எட்டிப் பார்த்தது. ஆந்தைக்கு ஒரு கண் இல்லை. இழுப்பறைகளில் பஞ்சின்மேல் முட்டைகள், உள்ளிருப்பதை ஊசித் துளை வழியே ஊதி எடுத்துவிட்ட வெறும் ஓடுகள். ஒரு மூலையில் மனிதக் காதின் மாடல் ஒன்று, ஆள் உட்காரும் அளவுக்கு. கொக்கிகளைக் கழற்றினால் செவிப்பறை, எலும்பு, நத்தைச் சுருள் என்று துண்டு துண்டாகப் பிரியும். அதைச் செய்தவர் ஒவ்வொரு துண்டிலும் எண் ஒட்டியிருந்தார். அழகான வேலை. டீச்சர் அந்தச் செவிப்பறையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதன்மேல் இருந்த எலிப் புழுக்கையைத் தட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

சுவரில் ஒரு புகைப்படம் தொங்கியது. தொப்பி வைத்த ஒருவர், கையில் துப்பாக்கி, காலடியில் நாய். பள்ளியின் ஆரம்ப கால ஆசிரியர். விடுமுறை நாட்களில் சுற்றித் திரிந்து அத்தனை பறவைகளையும் சேர்த்தவர் அவர்தான்.

"சுட்டதும் அவரு, உரிச்சதும் அவரு, தைச்சதும் அவரு," என்றார் எதிர் அறையிலிருந்து எட்டிப் பார்த்த இயற்பியல் ஆசிரியர். "தூசி தட்டறது மட்டும் நீங்க."

இந்த இயற்பியல் ஆசிரியர்தான் ஃபியூஸ் சார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆய்வகத்தில் ஏதோ ஒரு சுவிட்சைப் போட்டுப் பள்ளி முழுவதையும் இருட்டாக்கியவர். பெயர் அன்றைக்கு ஒட்டியது, ஓய்வு பெறும் வயது நெருங்கியும் போகவில்லை. பித்தளைக் கருவிகளைத் துடைத்துப் பளபளப்பாக்குவதில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். கைப்பிடியைச் சுற்றினால் பொறி பறக்கும் கண்ணாடித் தட்டு இயந்திரம் ஒன்றை ஓட வைத்துவிட்டு, டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவருக்குத் துடைத்தால் பளபளக்கிற சாமான் வாய்த்தது. டீச்சருக்குத் துடைத்தால் உதிர்கிற சாமான்.

டீச்சர் மென்மையான பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பறவையாக இறக்கித் தூசி தட்டினார். கழன்ற சிறகைப் பசை வைத்து ஒட்டினார். கூழைக்கடாவின் அலகைத் தாங்கிப் பிடித்தபடி நாற்காலியிலேயே தூங்கிப்போன ஒரு சாயங்காலம், கீழே கதவடைக்க வந்த காவலாளிதான் எழுப்பினார். "டீச்சர், பறவை எங்கயும் பறந்துடாது, வீட்டுக்குப் போங்க" என்றார்.

நாளாக நாளாக உடம்பு கனத்தது. தலை வாரினால் சீப்போடு கொத்தாக முடி வந்தது. சாப்பாடு பிடிக்கவில்லை. வகுப்பில் இதயத்தின் அறைகளைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தவர், மூன்றாவது அறையில் சாக்பீஸை வைத்தபடியே நின்றுவிட்டார். அடுத்தது என்ன என்று ஞாபகம் வரவில்லை. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"உனக்கு வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்," என்றார் கணவர், அரைத் தூக்கத்தில்.

விழாவுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, தலைமை ஆசிரியர் எங்கேயோ பேசி, பெரிய அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பழுது பார்க்கும் பெண் ஒருவரை ஒரு நாள் ஆலோசனைக்கு வரவழைத்தார். நிபுணர் என்றால் வயதானவராக இருப்பார் என்று டீச்சர் நினைத்திருந்தார். வந்தவர் முப்பதுகளில் இருந்த, கணீரென்று பேசுகிற பெண். பறவை அறை வாசலில் நின்று ஒரு நிமிஷம் உள்ளே பார்த்தார். பிறகு பையைத் திறந்து முகமூடியும் கையுறையும் எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நீங்க எதைப் போட்டுக்கிட்டு வேலை செய்யறீங்க மேடம்?"

டீச்சர் தன் புடவையைக் குனிந்து பார்த்தார். "இதைத்தான்."

"வெறும் கையிலயா?"

"ஆமா. ஏன்?"

அந்தப் பெண் ஒரு பஞ்சுக் குச்சியை ஈரமாக்கி, நாரையின் காலுக்கும் வயிற்றுக்கும் நடுவே தேய்த்தார். குச்சியை ஒரு சின்னக் குப்பியில் போட்டு, ஏதோ பொடி சேர்த்து, குப்பியின் வாயில் ஒரு துண்டுத் தாளை வைத்து மூடினார். கழுகுக்கும் அப்படியே. மீன்கொத்திக்கும் அப்படியே. கூட வந்த தலைமை ஆசிரியரும், எதிர் அறையிலிருந்து வந்து நின்ற ஃபியூஸ் சாரும் சேர்த்து நால்வரும் காத்திருந்தார்கள். வெள்ளைத் தாள்களின் நடுவில் மஞ்சள் படர்ந்தது. பிறகு பழுப்பு.

"ஆர்சனிக்," என்றார் அந்தப் பெண். "அந்தக் காலத்துல தோலைப் பூச்சி அரிக்கக் கூடாதுன்னு உள்பக்கம் ஆர்சனிக் சோப்பு தடவுவாங்க. எல்லா ஊர் மியூசியத்துலயும் இந்தத் தொல்லை உண்டு. வருஷம் போகப் போக அது பொடியா வெளிய வரும். தூசி தட்டினா..." நிறுத்திக்கொண்டார். "எவ்வளவு நாளா தட்டறீங்க?"

டீச்சர் வாய் திறப்பதற்குள் தலைமை ஆசிரியர் இரண்டடி பின்னால் நகர்ந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

"கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையாப் போச்சே," என்றார் ஃபியூஸ் சார். அன்றைக்கு அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அன்று மதியமே கதவை மூடி, இடுக்குகளில் எல்லாம் நாடா ஒட்டினார்கள். தலைமை ஆசிரியர் டீச்சருடன் பேசும்போது மேசைக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தள்ளி உட்கார்ந்திருந்தார். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. முதல்ல ஆஸ்பத்திரி. ரிசல்ட் வர்ற வரைக்கும் லீவ். கிளாஸெல்லாம் நான் ஆள் போட்டுக்கறேன்." இத்தனை வருஷத்தில் அவர் டீச்சர் கேட்காமல் கொடுத்த முதல் விடுப்பு அது.

டாக்டர் முதலில் ஒரு கட்டுப்பாடு சொன்னார். சில நாளைக்கு மீன் சாப்பிடக் கூடாது. மீனிலும் ஒரு வகை ஆர்சனிக் உண்டு, கணக்கு குழம்பிவிடுமாம். அது முடிந்ததும் ரத்தம், சிறுநீர், கொஞ்சம் முடி, நகத் துண்டுகள் எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். தூரத்து ஆய்வகத்துக்குப் போய் வர நாளாகும், மறுபடி எடுக்க வேண்டி வரலாம், அதுவரை மீன் வேண்டாம் என்றார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். மாமனார் ரேடியோவை அணைத்தார். அந்த வீட்டில் அந்த ரேடியோவை அவராக அணைத்தது அதுதான் முதல் தடவை.

"விஷமா?" என்றார் மாமனார். "பள்ளிக்கூடத்துல விஷத்தை வெச்சுக்கிட்டா பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறாங்க?"

"பாடம் பண்ண பறவைக்குத்தான் மாமா."

"நீ போய்ப் படு முதல்ல."

அந்த நாட்களை டீச்சர் நினைத்துப் பார்க்கும்போது, அவை வேறு யாருடைய வீட்டிலோ நடந்தவை போலவே இருக்கும். கணவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து சமையலறையில் நின்றார். உப்பு எங்கே, சீரகம் எங்கே என்று முதல் நாள் கேட்டார். இரண்டாம் நாளிலிருந்து கேட்காமல் தானே தேடினார். ரசம் என்று அவர் வைத்தது வெந்நீருக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஆனால் அது கட்டிலுக்கு வந்தது. மாமனார் வலது கையாலேயே சட்டைப் பித்தான் போடக் கற்றுக்கொண்டார். அரை மணி நேரம் ஆனது. யாரையும் கூப்பிடவில்லை. தங்கை போனில் அழுதாள். "நீ பேசாதக்கா, தூங்கு. நான் சும்மா நீ நல்லா இருக்கியான்னு கேட்கத்தான் பண்ணேன்" என்றாள். அவள் வீட்டுக் குழாய் என்ன ஆயிற்று என்றே டீச்சருக்குத் தெரியாமல் போயிற்று.

டீச்சர் தூங்கினார். காலையில் தூங்கினார், மத்தியானம் தூங்கினார், விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்து உட்கார்ந்து ஜன்னல் வழியே எதிர் வீட்டு மாடியில் துணி காய்வதைப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்கள். எத்தனையோ வருஷமாக இப்படி ஒரு களைப்பை அவர் சுமந்துகொண்டிருந்தார், அதற்கு ஒரு பெயர் இல்லாமல் இருந்தது. இப்போது பெயர் கிடைத்துவிட்டது. விஷம். யாரும் மறுத்துப் பேச முடியாத பெயர். படுத்திருக்கும்போது ஒரு நினைப்பு அவர் மனசில் மெல்ல எழும். ரிசல்ட்டில் இருந்துவிட்டால் நல்லது. நிறைய வேண்டாம். உயிருக்கு ஆபத்தில்லாத அளவு போதும்.

சே, இது என்ன புத்தி என்று திரும்பிப் படுப்பார். நினைப்பும் கூடவே திரும்பிப் படுக்கும்.

ரிசல்ட்டுக்கு அவர் தனியாகத்தான் போனார். கணவர் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நல்ல செய்தி. ஒண்ணுமே இல்லை. எல்லார் உடம்புலயும் இருக்கற அளவுதான். கையை ஒழுங்காக் கழுவியிருப்பீங்க, ஜன்னலைத் திறந்து வெச்சிருப்பீங்க, தப்பிச்சுட்டீங்க."

"ஆனா முடி கொட்டுதே டாக்டர்? இந்தக் களைப்பு?"

"ரத்தத்துல இரும்புச்சத்து கம்மி. மாத்திரை தர்றேன். எத்தனை மணி நேரம் தூங்கறீங்க? வீட்டு வேலைக்கு யாராவது உதவி இருக்காங்களா?"

டாக்டர் பதிலை எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி தெரியவில்லை. வெளியில் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது. டீச்சர் அதில் உட்கார்ந்தார். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கடையில் அடகு வைத்த பொருளை மீட்கப் போனவருக்கு, அப்படி ஒரு பொருளே இங்கே இல்லை என்று சொல்லி அனுப்பியது போல இருந்தது. அப்படியானால் இத்தனை நாள் சுமந்தது என்ன? ஒன்றுமே இல்லையா?

பஸ் ஏறினார். கால் தானாகப் பள்ளிக்கூட நிறுத்தத்தில் இறங்கியது. வகுப்பு நேரம், தாழ்வாரங்கள் காலியாக இருந்தன. மூன்று மாடி ஏறி, நாடா ஒட்டிய கதவைத் தாண்டி, எதிர் அறைக்குப் போனார். ஃபியூஸ் சார் ஒரு பித்தளைத் திருகாணியை எண்ணெயில் ஊற வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். சொல்லணும்னு இருந்தேன். அந்தத் துப்பாக்கிக்காரர் இருக்காரே, அவரு தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாராம். ஆர்சனிக்கைத் தினமும் கையால தடவினவரு. விசாரிச்சுட்டேன்."

"எனக்கும் ஒண்ணும் இல்லையாம் சார்."

"அட, நல்லதாப் போச்சு." அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதை ஏன் துக்கச் செய்தி மாதிரி சொல்றீங்க?"

டீச்சர் முக்காலியில் உட்கார்ந்தார். "இருந்திருந்தா தேவலையேன்னு தோணுச்சு."

ஃபியூஸ் சார் கையைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒரு தடவை கால் உடைஞ்சுச்சு," என்றார். "என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா இருந்த வருஷம். என்னையும் சேர்த்துப் படுக்க வெச்சாங்க. அவ தங்கச்சி வந்து ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டா. கட்டு பிரிச்ச அன்னிக்கு டாக்டர் நடங்கன்னார். நடக்க வந்துச்சு. வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல உட்கார்ந்து அழுதேன். யார்கிட்டயும் சொன்னதில்லை."

கீழே எங்கோ ஒரு வகுப்பு ஒரே குரலில் வாய்ப்பாடு மாதிரி எதையோ ஒப்பித்தது.

"வீட்ல சொல்லிட்டீங்களா?" என்றார் ஃபியூஸ் சார்.

"போய்ச் சொல்லணும்."

சொல்லத்தான் போனார். கதவைத் திறந்த கணவர், "என்னாச்சு?" என்று கேட்டார். தோளில் ஈரத் துண்டு, கையில் கரண்டி. உள்ளே ஏதோ தீயும் வாசனை. டீச்சரின் வாயிலிருந்து வந்தது வேறு.

"இன்னும் வரலையாம். அடுத்த வாரம் ஆகும்."

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் அன்று மத்தியானமும் அவர் நன்றாகத் தூங்கினார்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய் இரண்டு மூன்று நாள் நொண்டி நொண்டி நடந்தது. மாமனார் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, "ஏம்மா, அந்த ஆய்வகத்துக்காரங்க என்ன, நடந்தா வர்றாங்க? இன்னும் எத்தனை நாளைக்குத்தான் மீனில்லாம திங்கறது?" என்று கேட்டார்.

"நீங்க சாப்பிடலாமே மாமா. எனக்குத்தான் கூடாதுன்னாங்க."

"உனக்கு இல்லாம எனக்கு என்ன மீனு," என்றார் அவர், தட்டைப் பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் குளித்துவிட்டு வந்தபோது கணவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"ஹெட்மாஸ்டர் போன் பண்ணார். ஆஸ்பத்திரியில இருந்து பள்ளிக்கூடத்துக்கும் சொல்லிட்டாங்களாம். நாளைக்கு வேலைக்கு வந்துடுங்கன்னு சொல்லச் சொன்னார்."

டீச்சர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டோடு நின்றார்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார் கணவர்.

"அன்னிக்கே."

கணவர் குழாயை மூடினார். கத்துவார் என்று டீச்சர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, நுரை படிந்த கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"நான் நைட்ல எத்தனை தடவை எழுந்து நீ மூச்சு விடறியான்னு பார்த்தேன் தெரியுமா?"

"தெரியாது."

"பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?"

"நல்லாயிருக்கேன்னு சொன்னா எழுந்திருக்கணுமே," என்றார் டீச்சர்.

அதைச் சொன்னதும் அழுகை வந்தது. சத்தமில்லாத, நிற்காத அழுகை. கணவர் எழுந்து வரவில்லை. அவருக்கும் கோபம் இருந்தது, அது நியாயமான கோபம். கொஞ்சம் கழித்துச் சொன்னார்.

"எனக்கு மட்டும் உடம்பு என்ன, இரும்பா? பணிமனையில நின்னு நின்னு முட்டி போயிடுச்சு. நான் சொன்னேனா?"

"சொல்லியிருக்கலாமே."

"நீயும்தான்."

கூடத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் சொல்லித் தொலைங்கடா. நான் ஒருத்தன் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். சட்டைப் பித்தான் எனக்குப் போட வரும். அதை இனிமே யாரும் போட்டுவிட வேண்டாம்."

அன்று பெரிய சமாதானம் எதுவும் நடந்துவிடவில்லை. கணவர் இரவு வரை சரியாகப் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலை, ஷிப்ட் முடிந்து வந்த கையோடு அப்பாவை அவரே குளிக்க வைத்தார். வாரத்தில் பாதி நாள் அது அவர் வேலை என்று ஆனது. சில வாரம் மறந்துபோவார். டீச்சர் ஞாபகப்படுத்துவார். முன்பானால் ஞாபகப்படுத்தும் நேரத்தில் தானே செய்துவிடுவார், இப்போது கொஞ்சம் பிடிவாதமாக ஞாபகப்படுத்தினார். தங்கை ஒரு வாரத்தில் பழையபடி குழாய்க்குத் திரும்பிவிட்டாள். அவளிடம் எதையும் மாற்ற முடியாது என்று டீச்சர் விட்டுவிட்டார். சில நாள் போனை எடுப்பதில்லை.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் உட்காரச் சொன்னார். டீச்சர் நின்றுகொண்டே பேசினார்.

"கையுறை, முகமூடி எல்லாம் ஆர்டர் பண்ணிட்டேன் டீச்சர். அந்த மியூசியம் பொண்ணு எப்படிச் செய்யணும்னு சொல்லிக்குடுக்கறேன்னு சொல்லியிருக்கு. விழாவுக்கு முன்னாடி முடிச்சுடலாம். நீங்க இல்லாம இது..."

"நான் இல்லாமலே நடக்கட்டும் சார்."

தலைமை ஆசிரியருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலும். "என்ன சொல்றீங்க?"

"ஸ்கூல் விட்டப்புறம் நான் மேல ஏற மாட்டேன். அந்தப் பறவையை நல்லா வைக்கணும்னு எனக்கும் ஆசைதான். கிளாஸைக் குறைச்சுக் குடுங்க, ஸ்கூல் நேரத்துல செய்யறேன். முதலுதவியையும் சத்துணவுக் கூடத்தையும் வேற யாருக்காவது மாத்துங்க. இல்லைன்னா கதவுல ஒட்டின நாடா அப்படியே இருக்கட்டும்."

"உடம்புதான் சரியா இருக்குன்னு ரிப்போர்ட் வந்துடுச்சே."

"ஆமா. உடம்பு சரியா இருக்கறவதான் பேசறேன்."

குரல் நடுங்கியது. கோபத்தில் இல்லை, பழக்கமில்லாததால். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விழா வரைக்குமாவது என்று ஒரு தடவை இழுத்தார். பழைய மாணவர்களின் எதிர்பார்ப்பு, பள்ளியின் பெருமை என்று இன்னொரு தடவை இழுத்தார். டீச்சர் நின்றுகொண்டே இருந்தார். கால் வலித்தது. உட்கார்ந்தால் சரி என்று சொல்லிவிடுவோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியில் தலைமை ஆசிரியர் எதற்கும் ஒத்துக்கொள்ளாமல், "பார்க்கலாம்" என்று அனுப்பினார்.

விழா நடந்தது. ஃபியூஸ் சாரின் கருவி அறை திறந்திருந்தது. தலை நரைத்த பழைய மாணவர்கள் வரிசையில் நின்று கைப்பிடியைச் சுற்றிப் பொறி பறக்க வைத்தார்கள். பறவை அறை மூடியே இருந்தது. கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகத்தான் பார்க்க முடிந்தது. தலைமை ஆசிரியர் அதையும் விடவில்லை. 'உள்ளே நஞ்சு உண்டு' என்று பெரிய எழுத்தில் பலகை எழுதி மாட்டினார். அதன்பின் கருவி அறையைவிட அந்தக் கண்ணாடிச் சதுரத்தின் முன்னால்தான் கூட்டம். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி, ஒற்றைக்கண் ஆந்தையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"செத்தும் கூட்டம் சேர்க்குது பாருங்க," என்றார் ஃபியூஸ் சார்.

புதிய கல்வியாண்டின் அட்டவணை வந்தபோது டீச்சருக்கு வியாழக்கிழமை காலையில் இரண்டு வகுப்புகள் குறைந்திருந்தன. அந்தக் கட்டத்தில் 'மாடி' என்று மட்டும் எழுதியிருந்தது. முதலுதவி மேசை உடற்பயிற்சி ஆசிரியருக்குப் போயிருந்தது. சத்துணவுக் கூடம் டீச்சரிடமே இருந்தது. அவர் அதற்காக மறுபடி போய் நிற்க வேண்டியிருக்கும். அதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்.

முதல் வியாழக்கிழமை, அருங்காட்சியகப் பெண் வந்து காட்டிக்கொடுத்தார். தட்டக் கூடாது. வாய்க்குத் துணி கட்டிய வாக்குவம் கிளீனர் குழாயை ஒரு கையிலும் பிரஷை ஒரு கையிலும் பிடித்து, சிறகின் போக்கிலேயே, மேலிருந்து கீழாக, மெல்ல. முகமூடிக்குள் மூச்சு வெப்பமாக இருந்தது. கையுறைக்குள் விரல் வியர்த்தது. காலை முழுவதும் வேலை செய்தும் நாரையின் ஒரு பக்கம்தான் முடிந்தது.

"இந்த வேகத்துல போனா எல்லாம் முடிய வருஷக்கணக்காகும் மேடம்," என்றார் அந்தப் பெண், தயக்கத்தோடு.

"ஆகட்டும்," என்றார் டீச்சர்.

மணி அடித்தது. கையுறையை உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்றி, பையில் போட்டுக் கட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இறங்கினார். அன்றும் களைப்பாகத்தான் இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். எதிரே ஏறி வந்த பிள்ளைகள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை.